உறுப்புகளைத் தேர்தல்

லோத்குண்டாவில் வாழும் நம்மவர் இல்லத்து இளைஞர், விளையாட்டுக்கென்று தாமே ஒரு கணிப்பொறி அமைக்க விரும்பினால் செகந்திராபாத் பார்க் லேனிலுள்ள செனாய் டிரேட் சென்டருக்குச் சென்று உறுப்பு உறுப்பாய்ப் பார்த்து வாங்கலாம். வாங்கியது விரைவிற் பழையதாகிவிடுமே என்னும் கவலையும் உடன் வரும். அக்கவலை நம் நாட்டுக் கணிப்பொறியோடு பிறந்ததென்பதை நாம் இங்கே நினைவுகூர்வோம்.

பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் இளைஞர் சிலர் கணிப்பொறி சமைக்க முற்பட்டனர். 1956இல் சிறிய முன்மாதிரி இயங்கிற்று. நினைவகத்துக்கு அவர்கள் தேர்ந்தவை ஃபெரைட் வளையங்கள். அந்நாளில் அவை புத்தம் புதியவை. பெரிய பொறியில் 2048 சொற்கள் அவற்றில் அடங்கின. விடையைப் படமாகக் காட்டக் கதோடுக் கதிர்க்குழாய் ஒன்றும் பொருத்தினர். இன்றைய கிராபிக்ஸ் கார்டின் வேலைக்கு அதை மூதாதை எனலாம். கணக்கிடும் பகுதிக்கோ வால்வுகள், ஏறத்தாழ 2700! 1960இல் முழுப்பொறி பணிக்கு வந்தபோது, மேலைநாட்டில் டிரான்சிஸ்டர் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனினும் அத்தேர்வைப் பிழையென்று நாம் கூறோம். புதிய உறுப்புக்காகக் காத்திருந்தால் பொறி சமைக்கும் கல்வியும் காத்திருந்திருக்கும். 1962இல் பிரதமர் நேரு அப்பொறிக்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார்.