மலைப்பாதை ஊர்திகளின் எடைக் குறைப்பும் பொறிக் குளிர்விப்பும்

மலைப்பாதை ஊர்திகளின் எடைக் குறைப்பும் பொறிக் குளிர்விப்பும் என்பது செங்குத்தான பாதைகளில் ஏறும் ஊர்திகளின் பொறி, அளவுக்கு மீறிச் சூடாகாமல் காக்கும் வழிமுறைகளைக் குறிக்கும். இவை இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள் போலத் தோன்றினாலும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. எடை கூடும்போது பொறி செய்யும் வேலையும், அதனுடன் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் கூடுகின்றன.

தேனி மாவட்டப் பின்னணி

தேனி மாவட்டம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் அமைந்துள்ளது. ஆண்டிப்பட்டி வட்டத்திலுள்ள கடமலைக்குண்டு, வைகை ஆற்றின் மேற்பகுதியில், வருசநாடு செல்லும் சாலையில் உள்ள ஊராகும். வருசநாட்டுக்கு அப்பால் அரசரடி, வெள்ளிமலை போன்ற மலைக் குடியிருப்புகளுக்கு ஜீப்புகளே முதன்மையான போக்குவரத்தாக இருந்து வந்துள்ளன. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களும் ஜீப்புகளைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. சின்னமனூரிலிருந்து மேகமலைக்குச் செல்லும் பாதையும் பல கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது.

எடையும் வெப்பமும்

ஒரு பொருளை உயர்த்தத் தேவையான ஆற்றல், அதன் நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் ஆகியவற்றின் பெருக்கலுக்குச் சமமாகும். ஆட்களுடன் 2,000 கி.கி. நிறையுள்ள ஒரு ஜீப் 1,000 மீட்டர் ஏறுவதற்கு 19.6 மெகா யூல் ஆற்றல் வேண்டும். பொறியின் திறன் 25 விழுக்காடு எனக் கொண்டால், இதற்காக மட்டும் எரிபொருளிலிருந்து ஏறத்தாழ 78 மெகா யூல் செலவாகும். இது இரண்டு லிட்டருக்குச் சற்று மிகுதியான டீசலுக்குச் சமம். எஞ்சிய வெப்பத்தில் ஒரு பகுதி புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது. தூக்கும் வேலைக்கு ஏறத்தாழ நிகரான மற்றொரு பகுதி குளிர்விக்கும் நீரைச் சென்றடைகிறது.

மேற்கூறிய ஜீப்பில் தலா 60 கி.கி. எடையுள்ள 6 பேர் கூடுதலாக ஏறினால் நிறை 18 விழுக்காடு உயரும். ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு உயரும். ரேடியேட்டரின் பரப்போ, விசிறியின் அளவோ மாறுவதில்லை.

மலையில் குளிர்விப்பு குறைவதற்கான காரணங்கள்

* ஊர்தி தாழ்ந்த கியரில் மெதுவாகச் செல்வதால் முன்புறமிருந்து வரும் காற்றோட்டம் குறைகிறது. பின்னாலிருந்து காற்று வீசினால் நிலைமை மேலும் மோசமாகும்.
* 1,400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவு. ஆகவே விசிறி தள்ளும் காற்று குறைவான வெப்பத்தையே ஏந்திச் செல்லும்.
* அதே உயரத்தில் நீர் ஏறத்தாழ 95 பாகை செல்சியசில் கொதிக்கும். அழுத்த மூடி இக்கொதிநிலையை உயர்த்துகிறது. மூடியின் வார் தேய்ந்திருந்தால் அப்பயன் கிட்டாது.

எடைக் குறைப்பு

தேவையற்ற இரும்புத் தாங்கிகள், கூரைச் சட்டங்கள், கனமான கூடுதல் பம்பர்கள் ஆகியவற்றை நீக்குவது எளிய வழியாகும். கூரை மீது சுமை ஏற்றினால் ஈர்ப்பு மையம் உயர்ந்து வளைவுகளில் கவிழும் வாய்ப்பு மிகுகிறது. எனவே சுமையைத் தாழ்வாக வைப்பது நன்று. மாற்றுச் சக்கரம், நிறுத்தி, கவிழ்வைத் தாங்கும் சட்டம் ஆகியவற்றை எடைக்காக நீக்குதல் கூடாது. பெரும்பாலான வேளைகளில் மிகப் பெரிய எடைக் குறைப்பு, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றாமல் இருப்பதே ஆகும். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 ஆம் ஆண்டுத் திருத்தம், கூடுதலாக ஏற்றப்படும் ஒவ்வொரு பயணிக்கும் 200 ரூபாய் தண்டம் விதிக்கிறது.

பொறி சூடாகும்போது செய்ய வேண்டியவை

வெப்பமானி உயரும்போது ஊர்தியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பொறியைச் சற்று நேரம் சுமையின்றி ஓடவிடுவது வழக்கம். இதனால் நீரிறைப்பியும் விசிறியும் தொடர்ந்து இயங்கும். நீர் ஏற்கெனவே கொதித்து வெளியேறிவிட்டால் பொறியை உடனே நிறுத்த வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால், அழுத்தம் திடீரெனக் குறைந்து நீர் பொங்கிக் கடும் தீப்புண்ணை உண்டாக்கும். வறண்ட சூடான பொறியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் தலை வெடிக்கக்கூடும்.

குறுகிய மலைப்பாதையில் இறங்கும் ஊர்தி ஒதுங்கி, ஏறும் ஊர்திக்கு வழிவிட வேண்டும் என்பது இந்தியச் சாலை விதியாகும். ஏற்றத்தில் நின்ற ஊர்தியை மீண்டும் நகர்த்துவது கடினம் என்பதை இவ்விதி கருத்திற் கொள்கிறது.

இறக்கத்தில் எடை

ஏறும்போது பெற்ற ஆற்றல் இறங்கும்போது வெப்பமாக மாற வேண்டும். 19.6 மெகா யூல் முழுவதும் 40 கி.கி. இரும்பாலான நிறுத்தி உருளைகளில் தங்கினால், அவற்றின் வெப்பநிலை 1,000 பாகைக்கு மேல் உயரும். நடைமுறையில் காற்று அவற்றைக் குளிர்விக்கிறது. எனினும் நிறுத்தியை இடைவிடாது மிதித்தால் அது பிடிமானத்தை இழக்கும். ஆகவே, ஏறிய கியரிலேயே இறங்கி, பொறியின் தடையைப் பயன்படுத்த வேண்டும். சுமை மிகுந்த ஊர்தியில் ஏற்றத்தின் தவறு பொறியைக் கெடுக்கும். இறக்கத்தின் தவறு உயிரைப் பறிக்கும்.

பனியூர்திகளுடன் ஒப்பீடு

குளிர்நாடுகளின் மலைப்பகுதிகளில் ஓடும் பனியூர்திகளிலும் இதே சிக்கல் உண்டு. அவற்றுள் பலவற்றில் ரேடியேட்டருக்குப் பதிலாக, ஓடுபட்டைக்கு மேலுள்ள வெப்பமாற்றிகளின் மீது பட்டை வாரியிறைக்கும் பனி படிந்து குளிர்விக்கிறது. இறுகிய பனிப்பாதையில் தூள்பனி எழாததால் பொறி சூடாகும். அப்போது தரையைச் சுரண்டிப் பனித்தூளை எழுப்பும் கம்பிகள் பயன்படுத்தப்படுகின்றன. மென்பனியில் புதையாதிருக்க எடைக் குறைப்பு அங்கு இன்னும் இன்றியமையாதது. இந்தியாவில் காசுமீரின் குல்மார்க் பகுதியில் பனியூர்திகளைக் காணலாம்.