ஒரே கூரை போதவில்லை

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வில்மர் என்றொரு ஊர். குடிக்கு அடிமையானவர்களுக்காக 1912-ல் அங்கே ஓர் அரசு மருத்துவமனை திறந்தார்கள். 1917-ல் மனநோயாளிகளையும் அங்கேயே சேர்க்க ஆரம்பித்தார்கள். இரண்டு நோயும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. ஆனால் இன்று ‘ஒருங்கிணைந்த சிகிச்சை’ என்று நாம் சொல்வது அங்கே பிறக்கவில்லை. அது பிறக்க, முதலில் இரண்டையும் பிரிக்க வேண்டியிருந்தது.

பிரித்தவர்கள் 1950-களில் அங்கே வேலை பார்த்த மருத்துவர் நெல்சன் பிராட்லியும் உளவியலாளர் டான் ஆண்டர்சனும். குடிநோயாளிகளுக்குத் தனி வார்டு ஒதுக்கி, அதன் பூட்டையும் திறந்துவிட்டார்கள். ஓட்டம் பிடிப்பவர்கள் கூடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள், குறைந்தார்கள். குடியிலிருந்து மீண்டவர்களையே ஆலோசகர்களாக்கினார்கள். அதற்கென்று மாநில அரசு 1954-ல் ஒரு பணியிடமே உருவாக்கியது. ஒருகாலத்தில் குடித்தவன் இன்று அரசுச் சம்பளத்தில் இன்னொரு குடிகாரனின் பக்கத்தில் உட்கார்ந்து பேசினான்.

‘மினசோட்டா முறை’ என்று பெயர் பெற்ற இது, அதே மாநிலத்தின் ஹேஸல்டன் மையம் வழியாக உலகம் சுற்றியது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அங்கே பயிற்சி பெற்றுவந்துதான், 1980-ல் கணவர் பெயரில் சென்னையில் குடிநோய் சிகிச்சைக்கான அமைப்பைத் தொடங்கினார்.

குடிநோயாளிக்கு மரியாதை வாங்கித் தந்த பிரிவினை அது. ஆனால் வேலி மெல்ல மதிலாகிவிட்டது. அமெரிக்க அரசு மதுவுக்கென்று 1970-லும், மற்ற போதைப்பொருள்களுக்கென்று 1974-லும் தனித்தனித் தேசிய நிறுவனங்களை அமைத்தது. பணம் வேறு, படிப்பு வேறு, வாசலும் வேறு.

காதில் குரல் கேட்கிறது, கையில் பாட்டிலும் இருக்கிறது என்றால் அந்த மனிதர் எந்த வாசலுக்குப் போவார்? மனநல மையத்தில், “முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்.” போதை மையத்தில், “மனநோயைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்.” சில இடங்களில் மனநோய் மாத்திரையையே இன்னொரு போதையாகப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் பந்தாடப்பட்டவர் கடைசியில் தெருவிலோ சிறையிலோ போய் விழுந்தார்.

இப்படிப்பட்டவர்கள் எங்கோ ஒருவர் இருவர் இல்லை. 20,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் எடுத்த ஆய்வு 1990-ல் வெளிவந்தது. மனநோய் கண்டவர்களில் 29 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது குடியோ போதையோ நோயாகியிருந்தது.

அதற்குள் மாற்று வழி தேடத் தொடங்கியிருந்தார்கள். நியூயார்க்கில் கேத்லீன் ஷாக்கா 1984-ல், மனநோய் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் அங்கேயே போதையைப் பற்றியும் பேச ஆரம்பித்தார். அதட்டல், மிரட்டல் கிடையாது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராபர்ட் டிரேக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் இரண்டு நோயையும் ஒரே குழுவின் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை, குடி, வீட்டு வாடகை, வேலை எல்லாம் அந்தக் குழுவின் பொறுப்பு. ஆள் வராவிட்டால் குழு அவர் வீட்டைத் தேடிப் போகும்.

குடியை நிறுத்துவது உள்ளே வருவதற்கான டிக்கெட் இல்லை என்பதுதான் இந்த ஒருங்கிணைந்த சிகிச்சையில் பெரிய மாற்றம். முதல் படி, ஆளோடு பழகுவது. அடுத்தது, நிறுத்தலாமா என்று அவரே யோசிக்கும்படி பேசுவது. மூன்றாவதுதான் நிறுத்துவதற்கான சிகிச்சை. பிறகு மறுபடி சறுக்காமல் காப்பது. சறுக்கினாலும் வெளியே தள்ளுவதில்லை. மறுபடி பேச்சிலிருந்து தொடங்குவார்கள்.

இந்தியாவில் 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்குத் தரும் வரையறையிலேயே மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் சேர்த்துவிட்டது. காகிதத்தில் இங்கே இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தாயிற்று. அது வில்மரில் 1917-லேயே வந்துவிட்டது. இனி வரவேண்டியது, “ராத்திரி தூக்கம் வருகிறதா?” என்று கேட்ட அதே ஆள், அதே நாற்காலியில் இருந்தபடி, “தூங்குவதற்காகக் குடிக்கிறீர்களா?” என்றும் கேட்டு, இரண்டு பதிலையும் ஒரே சீட்டில் எழுதுவது.