அரளியும் அரியணையும்

பொன்னமராவதி, திருமயம் வட்டத்தின் ஓர் ஊராக 1948 வரை புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சியின் இறுதிக் காலத்தில், இன்றளவும் துப்புத் துலங்காத நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஓர் அரசியின் உடலில் அரளி நஞ்சு கலந்தது எவ்வாறு என்பதே அது.

மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1886இல் சிறுவராகப் பட்டமேற்றவர். 1894இல் முழு அதிகாரம் பெற்றவர். 1915ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், மோலி பிங்க் என்னும் வெள்ளையர் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அந்த ஆண்டின் இறுதியில் மணமக்கள் புதுக்கோட்டை வந்து சேர்ந்தனர். வரவேற்பு இனிதாக அமையவில்லை. அரண்மனை உறவினர்க்கு இம்மணம் உவப்பானதன்று. ஆங்கில அரசோ மோலியை அரசியாக ஏற்க மறுத்தது. அவருக்குப் பிறக்கும் பிள்ளைக்குப் பட்டத்துரிமை இல்லை என்பதிலும் உறுதியாக நின்றது. அப்போது அவர் கருவுற்றிருந்தார்.

அந்நிலையில்தான் மோலி நோயுற்றார். அரளியே காரணம் என்று கண்டறியப்பட்டதாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அரளி நம் ஊர்ப்புறத்துக்குப் புதியதன்று. நந்தவனத்தில் பூத்து இறைவனுக்கு மாலையாகும் செடி அது; அரைத்துக் கொடுத்தால் நெஞ்சத் துடிப்பைக் குலைத்து உயிரைக் குடிக்கும். தேடி அலையாமல் யார் கைக்கும் எட்டுவது. ஆகவே பொருளை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வழியில்லை. நஞ்சிட்டவர் இன்னார் என்று எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கப்படவும் இல்லை. 1916ஆம் ஆண்டு ஏப்பிரலில் மன்னரும் மோலியும் புதுக்கோட்டையை விட்டு நீங்கினர். ஜூலை 22இல் சிட்னி நகரில் ஆண் குழந்தை பிறந்தது.

குற்றத்தைத் துப்பறிவோர் முதலில் கேட்கும் கேள்வி, ஆதாயம் எவர்க்கு என்பது. அக்கேள்வியை ஓர் இரவின் நஞ்சோடு நிறுத்தாமல் பின்வந்த ஆண்டுகளுக்கும் நீட்டிப் பார்த்தல் வேண்டும்.

முதல் உலகப்போர் முடிந்தபின் மன்னருக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே பேரம் நடந்தது. பெருந்தொகையை ஈடாகப் பெற்று அவர் ஆட்சிப் பொறுப்பை விட்டுக்கொடுத்தார். 1922இல் அவருடைய உடன்பிறந்தார் விசய ரகுநாதப் பல்லவராயர் பதிலாட்சியர் ஆனார். 1923இல் சமஸ்தானம் சென்னை அரசின் மேற்பார்வையிலிருந்து இந்திய அரசின் நேரடிக் கண்காணிப்புக்கு மாற்றப்பட்டது. பெயரளவில் மன்னராக இருந்த மார்த்தாண்டர் பிரான்சு நாட்டில் வாழ்ந்து, 1928ஆம் ஆண்டு மே 28இல் பாரிசில் காலமானார். அவர் உடலும் பிறந்த மண்ணுக்கு வரவில்லை. இலண்டன் கோல்டர்ஸ் கிரீன் சுடலையில் எரியூட்டப்பட்டது.

அவ்வேளை மகனுக்கு வயது பதினொன்று. அவனைப் புறந்தள்ளிய ஆங்கில அரசு, பதிலாட்சியரையும் அரியணை ஏற்றவில்லை. தொண்டைமான் குலத்தின் ஆறு வயதுச் சிறுவர் இராசகோபாலரைத் தெரிவு செய்தது. அரண்மனைச் சுற்றத்தார்மேல் ஐயம் கொள்வோர் இங்கே நின்று எண்ண வேண்டும். ஐயத்துக்கு எளிதில் இலக்காகக்கூடியவர் மன்னரின் உடன்பிறந்தார். அவருக்கோ முடி கிடைக்கவில்லை. மன்னர் சிறுவராக இருந்தமையால் உண்மை அதிகாரம் எங்கே சென்றது என்பது வெளிப்படை. 1934 முதல் அலெக்சாந்தர் டாட்டன்ஹாம் என்னும் ஆங்கிலேயரே ஆட்சி நிர்வாகியாக அமர்ந்தார். இராசகோபாலத் தொண்டைமான் முழு அதிகாரம் பெற்றது 1944இல். மார்த்தாண்டர் ஊரைவிட்டுச் சென்ற நாள்முதல் கணக்கிட்டால், ஏறத்தாழ 28 ஆண்டுகள் புதுக்கோட்டையில் அமர்ந்து ஆண்ட மன்னர் எவரும் இல்லை.

இதனால் ஆங்கில அரசே நஞ்சிட்டது என்று சொல்லிவிடலாகாது. அதற்குச் சான்று இல்லை. ஆதாயம் அடைந்தவனெல்லாம் குற்றவாளி எனல் வழக்கறிவும் ஆகாது. ஆனால் ஒன்று சொல்லலாம். நஞ்சிட்ட கை எதுவாயினும், அக்கை எதை நாடியதோ அது பின்னர்க் கடிதங்களாலும் ஒப்பந்தங்களாலும் நிறைவேறிவிட்டது. மோலி அரசியாகவில்லை. அவர் பிள்ளை அரசனாகவில்லை. நஞ்சின் வழக்கைத் தோண்டித் துருவும் தேவை, அதிகாரத்தில் இருந்த எவர்க்கும் இல்லாமற் போனதில் வியப்பென்ன?

1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. மோலி 1967இல் பிரான்சின் கான் நகரில் மறைந்தார். இக்கதையைக் காதல் கதையாகவும் மர்மக் கதையாகவும் சொல்லும் வழக்கம் உண்டு. கவிஞர்க்கு இரண்டும் இனிய கருப்பொருள்களே. எனினும், இக்காலம் முழுவதும் மானம் பார்த்து உழுது, கண்மாய் நீரைக் காத்து, கடல் கடந்து வாழ்ந்த மன்னரின் அரசுக்கு வரி செலுத்தியவர்கள் பொன்னமராவதி போன்ற ஊர்களின் குடிமக்கள். தங்களை ஆள்பவர் யார் என்பதைச் சிட்னியும் பாரிசும் டில்லியும் முடிவு செய்தபோது, அவர்களை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. அரளி இட்டவரைத் தேடும் வரலாறு, கேட்கப்படாத அந்தக் குடிகளையும் தேட வேண்டும்.