ஊசியும் நீராவியும்: பச்சை குத்தும் கருவி தூய்மை பெற்ற வரலாறு

மலாயாத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த பாட்டிமார் சிலரின் முன்கைகளில் கோலமோ பெயரோ பச்சையாய் விளங்கியதை முதியோர் மறந்திரார். கரியால் இட்ட கறுப்பு மை, தோலின் அடியில் படிந்தபின் நீலமும் பச்சையும் கலந்து தோன்றும். ஆதலின் ‘பச்சை குத்துதல்’ என்னும் பெயர் அதற்கு நன்கு பொருந்துவதாயிற்று. குறவர்குலப் பெண்டிர் ஊர்தோறும் சென்று பச்சை குத்தியதை, எட்கர் தர்ஸ்டன் என்பார் 1906ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்திய இனவியற் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். சரவாக்கின் இபான் மக்களோ, கோலில் பொருத்திய ஊசிகளை மற்றொரு கோலால் தட்டிக் குத்துவர்.

இக்கலையின் அழகைப் பற்றியும் பழைமையைப் பற்றியும் எழுதினோர் பலர். ஆயின், ஒருவர் உடலிலிருந்து வெளிவந்த ஊசி அடுத்தவர் உடலிற் புகும்போது எதனைச் சுமந்து செல்கின்றது என்னும் வினாவை எழுப்பினோர் சிலரே. அவ்வினாவின் வரலாற்றையே ஈண்டுக் காண்போம்.

கண்ணுக்குப் புலனாகாப் பகை

பிரெஞ்சுக் கடற்படை மருத்துவரான எர்னஸ்ட் பெர்ஷோன், பச்சை குத்தியதால் மாலுமிகட்கு நேர்ந்த கேடுகளைத் தொகுத்து 1869இல் ஒரு நூலாக்கினார். மையை உமிழ்நீரால் குழைத்ததனால் மேகநோய் பரவிய செய்தியும் அந்நூற்றாண்டின் மருத்துவ ஏடுகளில் காணப்படுகின்றது.

எனினும், ஊசி குருதி வழியே மஞ்சட் காமாலையைப் பரப்பும் என்னும் உண்மையைத் தெளிவாகக் காட்டியது பச்சை குத்துதல் அன்று. அம்மைத் தடுப்பே ஆகும். செருமனியின் பிரேமன் நகரில் 1883ஆம் ஆண்டு, கப்பல் கட்டும் தொழிலாளர் 1,289 பேர்க்கு மனிதரிடமிருந்து எடுத்த நிணநீரால் அம்மை குத்தினர். பின்னர் அவருள் 191 பேர் காமாலையுற்றனர். வேறு நிணநீரால் அம்மை குத்தப்பெற்றோர் நோயின்றி இருந்தனர். லூர்மன் என்னும் மருத்துவர் இதனை 1885இல் எழுதி வைத்தார். உலகம் உடனே விழித்துக்கொள்ளவில்லை. 1891இல் சாமுவேல் ஓரைலி நியூயார்க்கில் மின்விசையால் இயங்கும் பச்சை குத்தும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். வேலை விரைவாயிற்று, ஆனால், ஒரே வாளி நீரும் ஒரே பஞ்சும் வருவோர் அனைவர்க்கும் பொதுவாக இருந்தன.

சமையற் கலம் தந்த விடை

இப்பகையை வெல்லும் கருவியின் பிறப்பிடம் சமையலறை என்பது வியப்பிற்குரியது. டெனி பாப்பன் என்னும் பிரெஞ்சு அறிஞர், எலும்பையும் மென்மையாக்கவல்ல மூடிய கலமொன்றை இலண்டன் அரச கழகத்தார்க்கு 1679இல் காட்டினார். இன்றைய அழுத்தக் குக்கரின் முன்னோடி அதுவே. சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 1879இல், லூயி பாஸ்டரின் உதவியாளரான ஷார்ல் ஷாம்பர்லான் அதே நெறியைக் கொண்டு ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிக் கலத்தை உருவாக்கினார்.

கொதிநீர் போதாதோ எனின், போதாது. சில பாக்டீரியங்கள் வறட்சியையும் வெப்பத்தையும் தாங்கும் விதை போன்ற வித்துருக்களாய் ஒடுங்கிக் கிடக்கும் என்பதைப் பெர்டினாந்து கோன் 1876இல் விளக்கினார். 100 பாகை சென்டிகிரேடில் கொதிக்கும் நீரிலும் அவை பிழைத்திருக்கும். அழுத்தத்தை ஒரு சதுர அங்குலத்துக்கு 15 இராத்தல் அளவு மிகுத்தால், நீராவி 121 பாகையை எய்தும். அவ்வெப்பத்தில் 15 நிமிடம் இருந்தால் வித்துருக்கள் மடியும்.

நீராவியின் ஆற்றல் அதன் சூட்டில் மட்டும் இல்லை. ஒரு கிராம் நீரைப் பனிநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொணர 100 கலோரி போதும். கொதிநீரை ஆவியாக்கவோ ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். அவ்வாவி குளிர்ந்த ஊசியின்மீது பட்டு நீராக மாறுங்கால், மறைந்திருந்த வெப்பமனைத்தையும் அங்கேயே உதிர்த்துவிடும். வறண்ட காற்றுக்கு இவ்வாற்றல் இன்மையால், உலர்ந்த அடுப்பில் 160 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தல் வேண்டும். கலத்தினுள் காற்று தங்கினால் நீராவி ஊசியை அணுகாது. ஆகவே காற்றை முதலில் வெளியேற்றல் இன்றியமையாதது.

நியூயார்க்கின் தடை

இவ்வறிவு எய்தி எண்பது ஆண்டுகள் சென்றபின், 1961ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தொட்டு, நியூயார்க்கு நகரம் பச்சை குத்துதலையே தடை செய்தது. ஊசி வழியே பரவிய காமாலையே காரணம் எனச் சுகாதாரத் துறை கூறிற்று. கோனி தீவில் இத்தொழில் நடத்திய பிரெட் கிராஸ்மன் வழக்குத் தொடுத்தார். கருவிகளைத் தூய்மையாக்க விதி செய்தால் போதாதா என்பதே வழக்கின் உயிர்நாடி. மேன்முறையீட்டு மன்றமொன்று 1964இல் தடையை ஏற்றதோடு, இக்கலை நாகரிகமற்ற வழக்கத்தின் எச்சம் என்னும் கருத்தையும் தீர்ப்பில் சேர்த்தது. மாநிலத்தின் உச்ச நீதிமன்றமும் 1966இல் தடையை உறுதி செய்தது.

நோயச்சம் பொய்யன்று. ஆயின், நோயச்சத்தோடு இகழ்ச்சியும் கலந்தமையால், கருவியைத் திருத்த வேண்டிய இடத்தில் கலையையே துரத்தினர். தொழில் அழியவில்லை, மூடிய கதவுகளுக்குப் பின் மறைந்தது. மறைந்த இடத்தில் மேற்பார்வை ஏது? 36 ஆண்டுகட்குப் பின் 1997இல் தடை நீங்கிற்று. நோய்த்தடுப்புப் பயிற்சி பெற்றோர்க்கே உரிமம் என்னும் முறை நிலைபெற்றது.

மூன்று சொற்கள்

இடைக்காலத்தில் பகைவனின் உருவும் தெளிவாயிற்று. காமாலை ‘பி’ நச்சுயிரியின் அடையாளத்தைப் பாரூக் பிளம்பர்க்கு குழுவினர் 1965இல் வெளியிட்டனர். 1976இல் அவர் நோபல் பரிசு பெற்றார். ‘சி’ நச்சுயிரி 1989இல் கண்டறியப்பட்டது. ‘பி’ நச்சுயிரி உலர்ந்த பரப்பிலும் ஏழு நாள் உயிர்த்திருக்கும். கண்ணுக்குக் குருதி தெரியவில்லை என்பதனால் ஊசி தூயது ஆகாது.

ஆசிரியப் பெருமக்கள் மாணாக்கர்க்கு மூன்று சொற்களைப் பிரித்துணர்த்துதல் நன்று. கழுவுதல் என்பது குருதியையும் மையையும் அகற்றுவது. கிருமி நீக்கம் என்பது மருந்து நீரால் பெரும்பாலான கிருமிகளைக் கொல்வது. இது மேசைக்கும் இருக்கைக்கும் ஏற்றது. முற்றழிப்பு என்பது வித்துருக்களையும் விடாது அழிப்பது. தோலைத் துளைப்பவற்றுக்கு இதுவே வேண்டும். சாராயத்தில் ஊசியைத் தோய்த்தெடுத்தல் முற்றழிப்பு ஆகாது.

வரிசையும் மாறலாகாது. உறைந்த குருதி நீராவிக்கு அரணாக நிற்கும். ஆதலின் முதலில் கழுவுதல். அடுத்து உலர்த்தி, நீராவி புகும் உறையிலிட்டுக் கலத்தில் வைத்தல். நிறம் மாறும் அடையாளத்தாள் வெப்பம் பட்டதையே காட்டும். கலம் தன் கடமையைச் செய்ததா என்பதை, வெப்பந்தாங்கும் வித்துருக்களை உள்ளே வைத்து, அவை மடிந்தனவா எனச் சோதித்தே அறிதல் வேண்டும். ஊசியோ இன்று ஒருவர்க்கு ஒன்றாய், ஒருமுறையோடு கூரிய பொருட்கள் இடும் பெட்டியில் சேர்ந்துவிடுகின்றது. மையும் ஒவ்வொருவர்க்கும் தனிக் கிண்ணத்தில் ஊற்றப்படல் வேண்டும். எஞ்சியதை மீண்டும் புட்டியில் சேர்த்தல் ஆகாது.

பாட்டியின் கையிலிருந்த பச்சை இகழத்தக்கதன்று. அதனைக் குத்திய பெண்ணும் குற்றவாளி அல்லள். அறிவு அவள் கைக்கு எட்டவில்லை. நமக்கு எட்டியுள்ளது. எட்டிய அறிவைப் பிறரை இகழப் பயன்படுத்தாது, காக்கப் பயன்படுத்துவோமாக.