மொட்டைமாடி ஆன்டெனாவும் கிப்லாக் கணக்கும்

திருச்சி கே.கே. நகரில் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் நின்று, அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ எத்திசையில் உளது என்று கேட்டுப் பாருங்கள். சுவரில் தொங்கும் உலகப் படத்தை மனத்திற்கொண்டு மேற்கே கை நீட்டுவார் ஒருவர்; பசிபிக் கடலை எண்ணிக் கிழக்கே காட்டுவார் மற்றொருவர். இருவருமே தவறினர். வடக்கிலிருந்து கிழக்கே 21 பாகை மட்டும் திரும்பி நிற்க வேண்டும். நேபாளம், சைபீரியா, அலாஸ்கா வழியாகச் சுமார் 14,200 கிலோமீட்டர் ஓடும் அந்தக் கோடே உருண்டைப் பூமியின்மீது மிகக் குறுகிய வழியாகும்.

‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் வானொலியாளருக்கு இது வேடிக்கைக் கேள்வியன்று. 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியோர் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவி ஒலிபரப்பத் தொடங்கியபோது, ஊர் முழுதும் கேட்டாற் போதும் என்பதே நோக்கம். திசை ஒரு பொருட்டன்று. ஜப்பானியப் பேராசிரியர்கள் ஊடாவும் யாகியும் 1926-இல் அறிவித்த ஆன்டெனாவோ அலையை ஒரு பக்கமாகக் குவித்து அனுப்புவது. அதைத் தவறான பக்கம் திருப்பினால் சிறிய நிலையத்தின் குரல் கடலில் கரைத்த பெருங்காயமாகிவிடும்.

முன்னெல்லாம் இதற்கென அச்சிட்ட வட்ட வடிவப் படங்கள் இருந்தன. ஆனால் ஓர் ஊரை நடுவில் வைத்து வரைந்த படம் வேறோர் ஊருக்கு உதவாது. லண்டனை நடுவாகக் கொண்ட படத்தை வைத்துக்கொண்டு திருச்சிக்காரர் என்ன செய்வது? மடக்கை வாய்பாட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 1980-களில் வீட்டுக் கணிப்பொறிகள் பரவிய பின்னர், இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொடுத்தால் திசையையும் தூரத்தையும் நொடியில் சொல்லும் சிறு நிரல்கள் ‘பேசிக்’ மொழியில் எழுதப்பட்டன. 1980-இல் இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகரில் கூடிய வானொலியாளர்கள் உலகையே கட்டங்களாகப் பிரித்து எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடுகளைத் தந்தனர். திருச்சியும் தஞ்சையும் நாகூரும் ‘எம்.கே. 90’ என்ற ஒரே கட்டத்துள் அடங்கியிருக்கின்றன.

இந்நிரல்களின் உள்ளே ஓடும் கணக்கு யாது? கோளத்தின்மேல் ஒரு முக்கோணம். அதன் மூன்று முனைகள் நம் ஊர், அடைய வேண்டிய ஊர், வடதுருவம் ஆகியன. சான்பிரான்சிஸ்கோ என்றிருக்கும் இடத்தில் மக்கமா நகரை வைத்துவிட்டால் அதுவே கிப்லாக் கணக்கு. ஒரு குறியும் மாற வேண்டியதில்லை. இதைச் சொன்னால் வானொலிக்காரர்களும் வியக்கின்றனர், நம்மவர்களும் வியக்கின்றனர். நம்மவர்கள் வியப்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

இந்தக் கணக்கில் சூத்திரத்தைக் காட்டிலும் கடினமாக இருந்தது, அதனுள் இடவேண்டிய எண்களைப் பெறுவதே. அட்சரேகையைச் சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ கொண்டு அளந்துவிடலாம். தீர்க்கரேகைக்கு என் செய்வது? கி.பி. 997 மே 24-ஆம் நாள் இரவு ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரிலிருந்து இளைஞர் அல்பிரூனியும், பக்தாதிலிருந்து கணிதப் பேரறிஞர் அபுல் வஃபாவும் முன்னரே பேசிவைத்துக்கொண்டு அதனை நோக்கினர். கிரகணம் யாவர்க்கும் ஒரே கணத்தில் நிகழ்வது. ஆனால் அவ்விரு ஊர்களின் பொழுதுகளோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேறுபட்டன. மணிக்கு 15 பாகை என்ற கணக்கில் தீர்க்கரேகை வேறுபாடு கிட்டியது. வானொலி இல்லாத காலத்தில் வானத்தையே செய்தித் தொடர்பாக்கிக்கொண்டவர்கள் அவர்கள்!

அதே அல்பிரூனி கி.பி. 1025-இல் கஸ்னாவில் முடித்த ‘தஹ்தீது’ என்னும் நூலில், ஊர்களுக்கிடையே வணிகக் கூட்டங்கள் நடந்த தூரங்களையும் கணக்கிற் சேர்த்து, பக்தாதிலிருந்து படிப்படியாகக் கஸ்னாவின் இருப்பிடத்தையும் அதன் கிப்லாவையும் கணித்தார். பஞ்சாபின் நந்தனாக் கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தையும், உச்சியிலிருந்து தொடுவானம் தாழும் கோணத்தையும் அளந்து பூமியின் அளவைக் கண்டதும் அந்நூலில் இடம்பெறுகிறது.

கணிப்பொறி நிரலுக்கு நேரான முன்னோடியைத் தேடினால் 14-ஆம் நூற்றாண்டின் டமாஸ்கஸுக்குச் செல்ல வேண்டும். அங்கே உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் பணியிலிருந்த ஷம்சுத்தீன் அல்கலீலி, அட்சரேகை 10 முதல் 56 பாகை வரையும், மக்கத்திலிருந்து தீர்க்கரேகை வேறுபாடு 1 முதல் 60 பாகை வரையும், ஒவ்வொரு பாகைக்கும் கிப்லாவைக் கணித்து அட்டவணையாக்கினார். ஏறத்தாழ 3,000 விடைகள்! கணக்கறியாதவரும் இரண்டு எண்களைக் கொடுத்து விடையைப் பெறலாம். திருச்சியின் அட்சரேகை 10.8, தீர்க்கரேகை வேறுபாடு 39-க்குச் சற்றுக் குறைவு. இரண்டும் அவ்வட்டவணைக்குள் அடங்குவன.

திசையோடு தூரத்தையும் காட்டும் கருவியும் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் இஸ்பஹானில் செய்யப்பட்டதாகக் கருதப்படும் பித்தளைத் தகடு ஒன்று 1989-இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அதன் நடுவில் மக்கம்; சுற்றிலும் கோடுகளிட்ட கட்டங்களில் ஊர்கள்; மேலே சுழலும் அளவுகோல். கோலை ஊரின்மீது வைத்தால் விளிம்பில் திசையும் கோலில் தூரமும் கிடைக்கும். வானொலிக்காரர் தம் வீட்டை நடுவில் வைத்தார்; இஸ்பஹான் கைவினைஞர் கஃபாவை நடுவில் வைத்தார். வேறுபாடு அவ்வளவே.

இன்று கைப்பேசியில் வரும் விடையை நம்பலாமா என்று கேட்பவர் உளர். கணக்கு பிழைபடாது; அதற்கு நாம் ஊட்டுவது பிழைபடும். பழைய அமெரிக்க நிரல்கள் பல தம் நாட்டு வசதிக்காக மேற்குத் தீர்க்கரேகையையே கூட்டல் எண்ணாகக் கொண்டன. நம்மவர் 78.7 என்று எழுதிவிட்டால், நிரல் கே.கே. நகரைத் தூக்கிச் சென்று பனாமாவுக்கு வடக்கே கரீபியன் கடலில் போட்டுவிடும். அங்கிருந்து வரும் விடையும் பாகை, தசமம் என்று நேர்த்தியாகவே வரும்!

சரியான எண்களை இட்டால் கே.கே. நகரிலிருந்து மக்கம் வடக்கிலிருந்து வலஞ்சுற்றாக 291 பாகை. அதாவது நேர்மேற்கிலிருந்து 21 பாகை வடக்கே. தூரம் 4,300 கிலோமீட்டர். தட்டைப் படத்தில் கோடு கிழித்தாலோ 286 பாகைதான் வரும். கிப்லா என்றால் மேற்கு என்றே சொல்லிப் பழகிய நமக்கு இந்த எண் சிறு அதிர்ச்சிதான். இதைக் கொண்டு பழைய பள்ளிவாசல்களின் சஃபுகளைக் குறை கூறிக் கிளம்புவோர்க்கு ஒன்று சொல்வேன்: கஃபா கண்ணுக்குத் தெரியாத தொலைவில் அத்திசை நோக்கினாற் போதும் என்பது சட்ட மேதைகள் பலரின் முடிவு. யாகி ஆன்டெனாவும் அப்படித்தான். அதன் கற்றை விரிந்தே செல்வதால் சில பாகைப் பிசகைப் பொறுத்துக்கொள்ளும். புதிதாக அடித்தளம் போடுவோர் மட்டும் சரியான எண்ணைக் கேட்டுக்கொள்வது நல்லது.

திசைகாட்டியை நம்புவதிலும் இடர் உண்டு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி முள்ளை இழுத்துவிடும். அதற்கும் வழியை 13-ஆம் நூற்றாண்டில் நஸீருத்தீன் தூஸி எழுதி வைத்தார். ஆண்டில் இரு நாள் நண்பகலில் சூரியன் மக்கத்தின் நேர் உச்சியில் நிற்கும். அந்நேரம் நமக்கு மே 28-இல் (சில ஆண்டுகளில் 27-இல்) பிற்பகல் 2.48, ஜூலை 16-இல் 2.57. அப்போது கே.கே. நகர் மொட்டைமாடியில் ஆன்டெனாக் கம்பத்தின் நிழல் கிழக்கே சற்றுத் தெற்காக விழும். அந்நிழலின் எதிர்ப்புறமே கிப்லா. அந்த நிமிடத்தில் ஆன்டெனாவின் முகத்தைச் சூரியன் இருக்கும் பக்கம் திருப்பிவிட்டு, கீழே அறையிலுள்ள முகப்பைப் பாருங்கள். முள் 291-இல் நிற்க வேண்டும். நில்லாவிடில் கம்பத்தின் பிடிப்பைத் தளர்த்தித் திருத்திக்கொள்ளலாம்.