ரஞ்சன்குடிக் கோட்டையும் மிதிவண்டிப் பயணமும்

பெரம்பலூர் மாவட்டத்தில் மதில் சூழ்ந்த பழைய இடத்துக்குச் சிறந்த சான்று, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ரஞ்சன்குடிக் கோட்டை. 17-ஆம் நூற்றாண்டில், கர்நாடக நவாபின் கீழிருந்த ஜாகீர்தார் ஒருவர் இதைக் கட்டினார். அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், படிப்படியாக உயரும் மூன்று அடுக்கு அரண் ஆகியவை இதன் காவல்.

1751-இல் அருகிலுள்ள வாலிகொண்டாபுரத்தில் நடந்த போர் இக்கோட்டையைக் கர்நாடகப் போர்களோடு இணைத்தது. கர்நாடக நவாப் பதவிக்குப் போட்டியிட்ட இருவரில் சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரரும் முகமது அலிக்கு ஆங்கிலேயரும் துணை நின்றனர்.

இக்கோட்டைக்கு மிதிவண்டியில் செல்லும் வாகன நெரிசலற்ற சுற்றுலாவுக்கு நெடுஞ்சாலையைவிட, வயல்களை ஊடுருவும் ஊர்ச்சாலைகளே உகந்தவை. மதிலின் உயரமும் நிலத்தின் அமைப்பும் மிதிவண்டியின் மெதுவான வேகத்திலேயே முழுமையாகப் புலப்படும்.