குளம் தந்த சோறு



ஆவணி மாதத்து வன்னிக் குளம் ஒன்றை உங்களில் சிலர் பார்த்திருக்கக்கூடும். மாரியில் வான் பாய்ந்த நீர், நடுக்குளத்தில் ஒரு குட்டையாகச் சுருங்கிக் கிடக்கும். அதைச் சுற்றிவர வெடித்த சேறு. அந்தச் சேற்றிலே கொக்குகளுக்கு நடுவே குனிந்து நிற்கும் பெண்கள். அவர்கள் மீன் பிடிப்பதாகத்தான் பட்டினத்திலிருந்து வந்த நான் முதலில் எண்ணினேன். அவர்கள் தேடியது கிழங்கு.

1960களின் ஓகஸ்ட் விடுமுறைகளை நான் அம்மம்மாவின் ஊரில் கழித்தேன். விடுமுறை முடிய முன்னர் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு அவர் குளத்தடிக்குப் போவார். வனபோசனம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். வீட்டிலிருந்து போவது பானை, உப்பு, தேங்காய், கொஞ்சம் கருவாடு, ஒரு சுண்டு அரிசி. மற்றதெல்லாம் குளம் தரவேண்டும். தாமரைக் கிழங்கும் கொட்டிக் கிழங்கும் சேற்றிலிருந்து வரும். வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரக் கரையில் கிடைக்கும். பருவம் பிந்திய பாலைப்பழம் இருந்தால் அதிர்ஷ்டம். அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு நாள் முழுதும் போகாது.

ஒருமுறை நானும் என் பங்கைச் சேர்க்க விரும்பினேன். பற்றை ஓரத்தில் மண்ணைக் கிளறியபோது கவர்விட்ட கிழங்கு ஒன்று அகப்பட்டது. காட்டு வள்ளி என்று எண்ணி, ஒருவருக்கும் சொல்லாமல் கழுவி வெட்டிப் பானைக்குள் போட்டேன். கறி கொதித்து மணம் வந்தது. அகப்பையால் கிண்டிய அம்மம்மா ஒரு துண்டை எடுத்து உற்றுப் பார்த்தார்.

"ஆர் இதைப் போட்டது?"

"நான்தான் அம்மம்மா. வள்ளிக் கிழங்கு."

"வள்ளியோ? இலையைக் கண்டனியோ? பூவைக் கண்டனியோ? கொடியையாவது கண்டனியோ?"

நான் ஒன்றையும் காணவில்லை. அவர் பானையோடு கறியைத் தூக்கிப்போய்க் குழி தோண்டி ஊற்றினார். நாயும் தின்னக்கூடாதென்று மண்ணால் மூடினார். அன்று எல்லோரும் வெறும் சோற்றைக் கருவாட்டோடு தின்றோம். மச்சான்மார் என்னோடு கதைக்கவில்லை. நான் குளக்கட்டில் இருந்து அழுதேன்.

அது கார்த்திகைக் கிழங்கு என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். மாரியில் தீச்சுடர்போலப் பூக்கும் அந்தக் கொடி, கோடையில் வாடி மண்ணோடு மண்ணாகிவிடும். கிழங்கு மட்டும் பெயரின்றிக் கிடக்கும். கலப்பைபோல வளைந்து பிரிவதால் அதற்குக் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். அதிலுள்ள கொல்கிசின் என்ற நஞ்சு அவித்தாலும் அழியாது. உண்டு சில மணித்தியாலங்களின் பின் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அடுத்த நாட்களில் உடலின் பல உறுப்புகள் ஒருங்கே தளரலாம். பிழைத்தவருக்கு ஓரிரு வாரங்களில் தலைமயிர் கொட்டும். அதே கொல்கிசினை மருத்துவர்கள் சிற்றளவில் கீல்வாதத்துக்குக் கொடுக்கிறார்கள் என்பது வேறு கதை. வள்ளியென மயங்கி இதை உண்டு மாண்டவர்கள் இந்நாட்டில் உண்டு.

நேயர்களே, குளக்கரை உணவுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, உழாமலே அம்மலை தரும் நான்கு விளைவுகளைக் கபிலர் புறநானூற்றில் எண்ணிக் காட்டுகிறார். மூங்கிலரிசி, பலாப்பழம், வள்ளிக் கிழங்கு, தேன். பாரியின் அரணுக்குள்ளே அவையும் ஓர் அரணாக நின்றன. அதே நூலில் ஒக்கூர் மாசாத்தனாரின் பாட்டு ஒன்று வேறொரு துயரைச் சொல்கிறது. இளமையில் தழையாடையாக உடுத்த ஆம்பல், கணவன் மாண்டபின் வேளைதவறி உண்ணும் புல்லரிசியாகிவிட்டதை ஒரு பெண் நினைத்துப் பார்க்கிறாள். நீருக்குள் முதிரும் ஆம்பற் காயின் விதைதான் அந்த அரிசி. காயவைத்து, குற்றி, சோறாக்குவது. சிங்கள மக்கள் இன்றும் ஒலு அரிசி என்று அதைச் சமைக்கிறார்கள். ஒரே குளம், ஒரே விதை. இரண்டு மொழிகளும் அதன் கரையில் வந்து குந்தியிருக்கின்றன. எங்கள் கொட்டியை அவர்கள் கெக்கட்டிய என்பார்கள்.

ஔவையார் பெயரால் வழங்கும் மூதுரையில், நீர் வற்றியதும் பறந்துபோகும் பறவைகளைப் போன்றோர் உறவினர் அல்லர் என்று ஒரு பாடல் உண்டு. குளத்தோடு ஒட்டியிருக்கும் கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போன்றவர்களே உறவு என்று அது முடியும். பள்ளியில் அதை ஒப்புவித்தபோது எனக்கு அது ஓர் உவமை மட்டுமே. குளத்தடியில் நின்றபோதுதான் காரணம் விளங்கியது. நீர் போனாலும் அவை சேற்றுக்கடியில் உயிரைக் கிழங்காகச் சேமித்து வைத்திருக்கின்றன. அதனால்தான் ஒட்டி நிற்க முடிகிறது. அதே காரணத்தால்தான் வயல் பொய்த்த கோடையில் அவை மனிதருக்குச் சோறாகவும் முடிகிறது.

வெளியார் எழுதிய நூல்களிலும் இந்தச் சோற்றின் வாடை வீசுகிறது. 1660இல் கொட்டியாரக் குடாவில் தகப்பனோடு பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1679இல் அனுராதபுரக் காடுகளைக் கடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி வந்தார். 1681இல் வெளியான அவரது நூல் நாட்டின் காட்டுப் பழங்களையும் மறக்கவில்லை. அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ப், 1913இல் வெளியிட்ட நாவலில் பெத்தேகம என்ற காட்டுக் கிராமத்தின் பசியைத் தீட்டினார். நாம் குதூகலமாக வனபோசனம் என்கிறோம். வறண்ட வலயத்து ஏழைக்கு அது பஞ்சகாலத்துப் பாடசாலை.

அந்தப் பாடசாலையின் ஆசிரியைகள் பெண்களே. அம்மம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் அவருக்குச் சட்டங்கள் இருந்தன. இலை, கொடி, வேர் மூன்றையும் சேர்த்துக் காணாத எதையும் தொடாதே. தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் கிண்டாதே. குளத்துக் கீரையைப் பச்சையாகத் தின்னாதே. குளத்து நீரைக் கொதிக்க வைக்காமல் குடியாதே. புதிதாகத் தின்பதை ஒரு வாயோடு நிறுத்து. ஒரு கொடியில் உள்ள எல்லாவற்றையும் எடுத்துவிடாதே, அடுத்த கோடை வரும்.

குரங்கு தின்றால் மனிதனும் தின்னலாம் என்ற பேச்சை அவர் ஏற்றுக்கொண்டதில்லை. காட்டிலே எட்டிப்பழம் தோடம்பழம்போல மஞ்சளாகப் பழுத்து நிற்கும். அதன் சதையைப் பறவைகளும் விலங்குகளும் தின்னும். விதையில் இருப்பதோ ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சு. "அதின்ர வயிறு வேற, உன்ர வயிறு வேற" என்பார்.

இன்று அவர் இருந்தால் இன்னொரு சட்டமும் சேர்த்திருப்பார். குளத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார். நீர்த்தாவரங்கள் நீரில் வருவதையெல்லாம் உறிஞ்சுபவை. கிருமிநாசினி அடித்த வயல்நீரும் ஊர்க்கழிவும் வந்து சேரும் குளத்தின் கிழங்கு, பழைய கிழங்கு அல்ல. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தில் பரவிய சிறுநீரக நோய்க்கான காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள் தாமரைக் கிழங்கிலும் கட்மியம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். நோயின் காரணம் பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை. ஆயினும், கண்ணுக்குத் தெளிவாக இருப்பதாலேயே நீர் சுத்தமாகிவிடாது என்ற பாடம் நமக்குப் போதும்.

அம்மம்மா இடம்பெயர்ந்த காலத்தில், வேறோர் ஊரில், குளமில்லாத ஒரு கொட்டிலில் காலமானார். போர் 2009இல் முடிந்தது. சில ஆண்டுகளின் பின்னர், கண்ணிவெடி அகற்றப்பட்ட பாதையால் நான் அந்தக் குளத்துக்குப் போனேன். தாமரை இருந்தது. ஆம்பல் இருந்தது. மூதுரை சொன்ன உறவுகள் போகவில்லை. போனது நாங்கள்தான்.

என்னோடு வந்த பேத்தி கரையோரத்தில் கிளறி ஒரு கிழங்கை எடுத்து வந்தாள். "அப்பப்பா, இது என்ன? அவிச்சுத் தின்னலாமோ?" என்று கேட்டாள். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இலை இல்லை, கொடி இல்லை. வள்ளியாகவும் இருக்கலாம், மற்றதாகவும் இருக்கலாம். அம்மம்மாவுக்கு ஒரு பார்வை போதுமாயிருந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

கிழங்கை எடுத்த இடத்திலேயே புதைத்துவிட்டு, இருவரும் கை கழுவினோம். கொண்டுபோன பாணையும் சம்பலையும் குளக்கட்டில் இருந்து சாப்பிட்டோம். பானையோடு மண்ணுக்குள் போன அந்தக் கறியின் கதையை அப்போது அவளுக்குச் சொன்னேன். மாரியில் கொடி பூத்திருக்கும்போது மறுபடி வந்து, பூவையும் இலையையும் காட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டிலும் ஓர் அம்மம்மா இருக்கக்கூடும், நேயர்களே. அவரைக் குளத்தடிக்குக் கூட்டிப்போங்கள். கேட்டு எழுதி வையுங்கள்.